காந்தி கேட்ட வளையல்

நிதி திரட்டுறதையே தொழிலா வச்சிருக்கிற ஆட்கள்கிட்ட பேசினா, ஒரு விஷயத்தை ஏதோ நேத்துதான் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லுவாங்க. "சார், இனிமே பெரிய முதலாளிங்களை மட்டும் நம்பிப் பிரயோஜனம் இல்லை. பெண்கள், இருபது வயசுப் பசங்க, இவங்களைத்தான் பிடிக்கணும்." அப்புறம் அதுக்கு நாப்பது ஸ்லைடு, நடுவுல நாலு பை சார்ட். எங்க ஆபீஸ்ல ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர் வந்து இப்படித்தான் ஒரு மணி நேரம் பேசிட்டுப் போனார். நல்ல மனுஷர், நல்ல நோக்கம். குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா ஸ்லைடு ஓடிக்கிட்டிருந்தப்போ என் மண்டைக்குள்ள ஓடினது வேற படம். இடுப்புல ஒரு முழத்துணி கட்டின கிழவர், மூணாங்கிளாஸ் ரயில் பெட்டி ஜன்னல் வழியா கையை நீட்டி, "அந்த வளையலைக் கழட்டிக் கொடும்மா"ன்னு கேக்குற படம் :-)

இந்த 'பெண்கள், இளைஞர்கள்' உத்தியை நம்ம தென்னாட்டுலயே முழுசா நடத்திக் காட்டியாச்சு. 1921-லயும் 1934-லயும். நடத்தினவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அது எப்படி நடந்துச்சு, அதுல எது ஜெயிச்சுது, எது இடறுச்சுன்னு பார்க்கலாம். காந்திக்குப் பாமாலை சூட்டுறதும் இல்லை, கல்லெறியுறதும் இல்லை. கணக்குப் பார்க்கப் போறோம், அவ்வளவுதான். அவரே கணக்குல ரொம்பக் கறார் பேர்வழி. கோவிச்சுக்க மாட்டார்.

*

முதல்ல ஒரு கேள்வி. அந்தக் காலத்துல நன்கொடைன்னா யார் கொடுத்தாங்க?

நம்ம ஊர்க் கோயில்கள்ல ட்யூப்லைட் பார்த்திருப்பீங்க. வெளிச்சம் வர்ற இடத்தை மறைச்சு "உபயம்: இன்னார்"னு பெயின்ட்ல எழுதியிருக்கும். அந்த இன்னார் பெரும்பாலும் ஆம்பளை. கொஞ்சம் பின்னாடி போனா கதை வேற. சோழர் காலத்துக் கல்வெட்டுகள்ல செம்பியன் மாதேவி கட்டின கோயில்கள் இருக்கு, தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குந்தவை கொடுத்த நகைகளும் படிமங்களும் பட்டியல் பட்டியலா இருக்கு. ஆனா அவங்க அரச குடும்பத்துப் பெண்கள். சாதாரண வீட்டுப் பொண்ணுக்கு இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல சொந்தம்னு சொல்லிக்க என்ன இருந்துச்சு?

நிலம்? பெரும்பாலும் புருஷன் பேர்ல, இல்லேன்னா கூட்டுக் குடும்பச் சொத்து. அன்னைக்கு நடைமுறையில இருந்த இந்து சட்டத்துல மகளுக்குப் பிறப்பால பங்கு கிடையாது. விதவைக்குச் சொத்து வந்தாலும் உயிரோட இருக்கிற வரைக்கும் அனுபவிக்கலாம், நினைச்சபடி விக்கவோ தானம் பண்ணவோ முடியாது. 1937-ல வந்த சட்டம் விதவைக்குக் கணவன் சொத்துல பங்கு கொடுத்துச்சு, ஆனா அந்தக் கட்டுப்பாட்டை எடுக்கலை. அது உடைஞ்சது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலதான். மகளுக்கும் மகன் மாதிரியே பூர்வீகச் சொத்துல பங்குங்கிறது தமிழ்நாட்டுல 1989-லதான் வந்துச்சு. (கேரளத்து மருமக்கத்தாயக் குடும்பங்கள் தனிக் கதை. அங்கே சொத்து தாய் வழி.)

ஆக, ஒரு பொண்ணு "இது என்னுது"ன்னு ஓரளவுக்குத் தைரியமா சொல்லக்கூடிய ஒரே விஷயம் சீதனம். அதுலயும் கழுத்துல, காதுல, கையில கிடந்த தங்கம். புருஷன் கைவிட்டா, பஞ்சம் வந்தா, பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கணும்னா அதுதான் அவளோட பேங்க், இன்ஷ்யூரன்ஸ், பென்ஷன் எல்லாம்.

இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க. ஏன்னா காந்தி கேட்டது அந்த ஒரே பேங்க் பேலன்ஸைத்தான்.

*

கதை ஆரம்பிக்கிறது இந்தியாவுல இல்லை, நேட்டால்ல. 1901-ல காந்தி குடும்பத்தோட ஊருக்குக் கிளம்புறார். அங்கிருந்த இந்தியர்கள் பிரிவு உபசாரம் பண்ணி தங்கம், வெள்ளி, வைரம்னு பரிசு குவிக்கிறாங்க. அதுல ஒண்ணு, கஸ்தூரிபாவுக்குன்னே கொடுத்த 50 கினி மதிப்புள்ள தங்க அட்டிகை.

ராத்திரி பூரா காந்திக்குத் தூக்கம் வரலை. பொதுச் சேவைக்குக் கூலி வாங்கலாமா? கூடாதுன்னு முடிவு பண்ணி, எல்லாத்தையும் ஒரு டிரஸ்ட்ல போட்டுச் சமூகத்துக்கே திருப்பிக் கொடுக்கக் கடிதம் எழுதிட்டார். பார்சி ருஸ்தம்ஜி உள்பட சிலர் அறங்காவலர்கள். காலையில முதல் வேலையா பசங்ககிட்டப் பேசிச் சம்மதம் வாங்குறார். அம்மாகிட்ட அப்புறம்தான் போறார். மனுஷன் வக்கீல் இல்லையா, சாட்சியை முன்னாடியே தயார் பண்ணிட்டார் :-)

கஸ்தூரிபா விடலை. இந்தச் சண்டையைக் காந்தி தன் சுயசரிதையில மறைக்காம எழுதியிருக்கார், அது அவரோட நேர்மை. அந்தம்மா கேட்டதோட சாரம் இதுதான்: உங்களுக்கு வேண்டாம் சரி, உங்க பேச்சுக்கு ஆடுற பசங்களுக்கும் வேண்டாம் சரி. நாளைக்கு என் மருமகள்களுக்கு? என் அட்டிகை மேல உங்களுக்கு என்ன உரிமை?

காந்தி திருப்பிக் கேட்டார்: அந்த அட்டிகை உன் சேவைக்குக் கொடுத்ததா, என் சேவைக்கா? அதுக்குக் கஸ்தூரிபா சொன்ன பதில்தான் எனக்கு இந்த மொத்த வரலாறுலயும் முக்கியமான பதில். உங்க சேவையும் என் சேவையும் ஒண்ணுதானே, ராப்பகலா உங்களுக்காக உழைச்சேனே, அது சேவை இல்லையா, கண்டவங்களையெல்லாம் வீட்டுல கொண்டுவந்து வச்சு என்னை அழ வச்சீங்களே, அவங்களுக்கெல்லாம் வேலை செஞ்சேனே, அது என்ன?

காந்திகிட்ட இதுக்குப் பதில் இல்லை. சில அம்புகள் சரியா தைச்சதுன்னு அவரே ஒத்துக்கிறார். ஆனாலும் எப்படியோ சம்மதத்தைப் 'பிடுங்கி' நகையைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

நன்கொடை உலகத்துல ஒரு அடிப்படைக் கேள்வி இதுல இருக்கு. பொண்ணு கொடுத்தாளா, பொண்ணோடதை ஆம்பளை எடுத்துக் கொடுத்தானா? ரெண்டுக்கும் ரசீது ஒரே மாதிரிதான் இருக்கும். விஷயம் ஒண்ணு இல்லை.

*

இருபது வருஷம் ஓடிப்போச்சு. 1921 மார்ச் கடைசி. பெஜவாடாவுல (இன்னைக்கு விஜயவாடா) அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடி மூணு இலக்கு வைக்குது: ஒரு கோடி உறுப்பினர், இருபது லட்சம் ராட்டை, திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய். கெடு ஜூன் 30. மூணே மாசம்! நம்ம ப்ராஜெக்ட் மேனேஜர்கள் தோத்தாங்க. பண இலக்கைக் கெடுவுக்குள்ளயே எட்டிட்டாங்க. அதுல பெரும்பங்கு பம்பாய்ப் பணக்காரர்களோடதுதான். ஆனா நமக்கு இங்கே முக்கியம் பம்பாய் இல்லை, காக்கிநாடா.

ஏப்ரல் 2, காந்தி காக்கிநாடா வர்றார். அந்த ஊர்ல துர்காபாய்னு ஒரு சின்னப் பொண்ணு. 1909-ல பிறந்தவர், அப்போ பன்னிரண்டு வயசுகூட முழுசா ஆகலை. எட்டு வயசுலயே கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க. (பெரியவளானதும் அதை ஏத்துக்க மாட்டேன்னு விலகிட்டார்.) இந்தப் பொண்ணுக்கு ஒரு ஆசை. ஊர்ல இருக்கிற தேவதாசிப் பெண்களும், பர்தாவுக்குள்ள இருக்கிற முஸ்லிம் பெண்களும் காந்தியைப் பார்க்கணும். ரெண்டு பேருமே பொதுக்கூட்டத்துக்கு வர முடியாதவங்க. ஒருத்தரை ஊர் ஒதுக்கி வச்சிருக்கு, இன்னொருத்தரைப் பூட்டி வச்சிருக்கு.

உள்ளூர்ப் பெரியவங்ககிட்டப் போய்க் கேட்டா, 5,000 ரூபாய் பணமுடிப்பு கொண்டா, அஞ்சு பத்து நிமிஷம் ஒதுக்கித் தர்றோம்னாங்க. 1921-ல 5,000 ரூபாய்! விளையாட்டா சொன்னாங்களா, துரத்தி விடச் சொன்னாங்களா தெரியலை. தேவதாசிப் பெண்கள் நாங்க சேர்த்துத் தர்றோம்னுட்டாங்க, சேர்த்தும் கொடுத்துட்டாங்க. அடுத்தது இடம். ரயில் நிலையத்துக்கும் பொதுக்கூட்டம் நடக்கிற இடத்துக்கும் நடுவுல ஒரு பள்ளிக்கூட மைதானம். அந்த வழியாத்தான் காந்தி வண்டி போகணும். ஹெட்மாஸ்டரைப் பிடிச்சு அனுமதி வாங்கியாச்சு.

அஞ்சு நிமிஷம்னு வந்த காந்தி அரை மணி நேரத்துக்கு மேல உக்காந்துட்டார். பெண்கள் வளையல், சங்கிலி, அட்டிகைன்னு கழட்டிப் போட்டாங்க. கேட்ட 5,000 மாதிரிப் பல மடங்கு வந்துச்சுன்னு துர்காபாய் பின்னாடி தன் நினைவுக்குறிப்புல எழுதியிருக்கார். அந்தப் பேச்சை இந்தியில இருந்து தெலுங்குல மொழிபெயர்த்ததும் அவரேதான். அது பிடிச்சுப்போய், அடுத்து நடந்த பெரிய கூட்டத்துக்கும் அந்தச் சின்னப் பொண்ணையே மொழிபெயர்க்கச் சொன்னார் காந்தி. வழக்கமா மொழிபெயர்க்கிற கொண்டா வெங்கடப்பய்யா ஓரமா உக்காந்துக்க வேண்டியதாப் போச்சு.

இங்கே ஒண்ணைக் கவனிங்க. பெண்கள்கிட்ட வசூல் பண்ணினது காந்தியோ கமிட்டியோ இல்லை. ஒரு சிறுமி. அவளுக்கு அந்தப் பெண்களைத் தெரியும், அவங்களுக்கு அவளைத் தெரியும். கமிட்டிக்காரங்களுக்குத் தெரியாத வாசல் அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இன்னைக்கு 'பியர் டு பியர்'ங்கிறாங்களே, அது இதுதான்.

துர்காபாய் அதோட நிக்கலை. ரெண்டு வருஷம் கழிச்சு 1923 காக்கிநாடா காங்கிரஸ்ல தொண்டரா நின்னப்போ, டிக்கெட் இல்லாம கண்காட்சிக்குள்ள நுழையப் பார்த்த ஜவஹர்லால் நேருவையே வாசல்ல நிறுத்தி வச்சவர். அப்புறம் உப்புச் சத்தியாகிரகம், வேலூர் சிறை, மதுரைச் சிறை, சென்னையில சட்டப் படிப்பு, 1930களின் கடைசியில சென்னையில ஆந்திர மகிளா சபா, அரசியல் நிர்ணய சபை, 1953-ல மத்திய சமூக நல வாரியத்தோட முதல் தலைவர். கொடையாளிகளைத் திரட்டின சிறுமி கடைசியில நாட்டோட நலப்பணத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற நாற்காலிக்கே வந்துட்டார்.

ஆனா தங்கம் கொடுத்த அந்தத் தேவதாசிப் பெண்கள்? அதே 1921-ல வங்காளத்துல பாரிசால்ங்கிற ஊர்ல பாலியல் தொழில் செஞ்ச பெண்களையும் காந்தி சந்திச்சார். அவங்களும் திலகர் நிதிக்குக் கொடுத்திருந்தாங்க. காந்தி அனுதாபமாத்தான் எழுதினார், 'விழுந்த சகோதரிகள்'னு. ஆனா 1925-ல அந்த மாதிரிப் பெண்களைக் காங்கிரஸ்காரங்க அமைப்பா திரட்டி உறுப்பினர் ஆக்கினப்போ ரொம்பக் கடுமையாக் கண்டிச்சு எழுதினார். தொழிலை விட்டுட்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்ங்கிறது அவர் கட்சி. அவங்க பணம் நிதிக்குள்ள போயிடுச்சு, அவங்க போக முடியலை. எனக்கு இது உறுத்துது. எவ்வளவு நியாயம் கற்பிச்சாலும் உறுத்துது.

*

1927 நவம்பர். காந்தி இலங்கைக்குப் போறார், கதர் நிதிக்கு. இந்தப் பயணத்துல இளைஞர்கள் பங்கு பெருசு. யாழ்ப்பாணத்துல 1924-ல தொடங்கின மாணவர் காங்கிரஸ் (பின்னாடி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்) காந்தியை அழைச்சவங்கள்ல ஒண்ணு. ஹன்டி பேரின்பநாயகம் அதோட முன்னணித் தலைவர். பெரிய மனுஷங்க சங்கம் இல்லை அது, காலேஜ் பசங்களும் இளம் வாத்தியார்களும் கட்டினது. சாதி வித்தியாசம் பார்க்கக் கூடாது, தாய்மொழியில படிக்கணும்னு பேசினவங்க. மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் தங்களால முடிஞ்ச சில்லறையைக் கொண்டுவந்து கொடுத்தாங்க.

ஊர் ஊரா பேசும்போது காந்தி ஒண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார்: பணக்காரன் கொடுக்கிற ஆயிரத்தை விட ஏழை கொடுக்கிற செப்புக்காசு பெருசுன்னு. கேக்குறதுக்கு மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனா அதுல ஒரு கணக்கு இருக்கு. ஆயிரம் கொடுத்தவன் அதோட விட்டான். காசு கொடுத்தவன் அடுத்த நாள்ல இருந்து "நம்ம இயக்கம்"னு பேச ஆரம்பிச்சுடுவான். நிதி திரட்டுறதும் ஆள் திரட்டுறதும் அவருக்கு ஒரே வேலைதான்.

அவரோட 'சிஸ்டம்' எப்படி வேலை செஞ்சுதுன்னு பாருங்க.

ஒண்ணு, எல்லாத்துக்கும் விலை. ஆட்டோகிராஃப் வேணுமா, அஞ்சு ரூபாய் ஹரிஜன் நிதிக்கு. காலேஜ் பசங்க நோட்டைத் தூக்கிட்டு வந்தா முதல்ல கை நீளும், அப்புறம்தான் பேனா.

ரெண்டு, ஏலம். வரவேற்புப் பத்திரம், வெள்ளிப் பேழை, மாலைன்னு எது கொடுத்தாலும் அதே மேடையிலயே ஏலம். கொடுத்தவரே சில சமயம் திருப்பி எடுக்கணும்.

மூணு, கணக்கு. வசூல் விவரம் பத்திரிகையில வரும். பொதுப்பணத்துல பைசா பிசகினாலும் ஆசிரமத்துல யாரா இருந்தாலும் வறுத்து எடுத்துடுவார். கஸ்தூரிபா நாலு ரூபாயைத் தன்கிட்ட வச்சிருந்ததையே 1929-ல பத்திரிகையில எழுதிட்டார்னா பார்த்துக்கோங்க. (வீட்டுல அன்னைக்கு என்ன நடந்திருக்கும்னு கல்யாணம் ஆனவங்க யோசிச்சுக்கோங்க.)

நாலு, நகைக்குன்னு தனி நிபந்தனை. கொடுத்த நகைக்குப் பதிலா புதுசு செஞ்சு போடக் கூடாது. இது வெறும் வசூல் இல்லை, பழக்கத்தையே மாத்துற வேலை. நகை பொண்ணுக்குப் பூட்டுன விலங்குன்னு அவர் நம்பினார். அது அவளோட ஒரே சொத்துங்கிற பக்கத்தை அவர் அவ்வளவா பேசலை. 1901-லயே கஸ்தூரிபா அதைச் சொல்லிட்டாங்க.

*

இப்போ 1934. இதுதான் எல்லாரும் சொல்ற கதை.

1933 நவம்பர்ல வார்தாவுல இருந்து கிளம்பி ஒன்பது மாசம், 12,500 மைல், தீண்டாமை ஒழிப்புக்காகச் சுற்றுப்பயணம். மொத்த வசூல் சுமார் எட்டு லட்சம் ரூபாய். சென்னை மாகாணத்துல ரெண்டு மாசத்துக்கும் மேல. 1934 ஜனவரி 14, மலபார்ல வடகரை. கூட்டத்துல பெண்கள்கிட்ட நகை கேட்டுப் பேசி முடிச்சார். கிடைச்ச பரிசுகளை ஏலம் விட்டுக்கிட்டிருக்காங்க. அப்போ பதினாறு வயசுப் பொண்ணு ஒருத்தி மேடைக்கு வர்றா. பேர் கௌமுதி. அரச குடும்பத்து வழி. ஒரு வளையலைக் கழட்டிக் கொடுத்து, கையெழுத்துக் கிடைக்குமான்னு கேக்குறா.

காந்தி பேனாவை எடுக்குறதுக்குள்ள இன்னொரு வளையலும் வந்துடுச்சு. ரெண்டு வேண்டாம்மா, கையெழுத்துக்கு ஒண்ணு போதும்னார். அவ பதிலுக்குக் கழுத்துச் சங்கிலியைக் கழட்டினா. பின்னல்ல சிக்கிக்கிட்டதைப் பொறுமையா எடுத்துக் கொடுத்தா. அப்புறம் காதுல கிடந்தது. ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கிட்டிருக்காங்க.

அப்பா அம்மா சம்மதம் இருக்கான்னு காந்தி கேட்டார். அப்பா அதே கூட்டத்துலதான் இருக்கார், ஏலம் விட ஒத்தாசை பண்ணிட்டிருக்கிறதே அவர்தான்னு தெரிஞ்சுது. கையெழுத்துப் போடும்போது, நீ கொடுத்த நகைகளை விட உன் துறவே நல்ல ஆபரணம்ங்கிற அர்த்தத்துல ஒரு வரி எழுதிக் கொடுத்தார்.

பிறகு கோழிக்கோட்டுல அந்தப் பொண்ணு குடும்பத்தோட வந்து அவரைப் பார்த்தா. இங்கே காந்தி குறுக்கு விசாரணையே நடத்துறார். யோசிச்சுத்தான் கொடுத்தியா, இல்லை அந்த நேரத்து வேகமா? திரும்ப நகை போட மாட்டேன்னு உறுதியா? நாளைக்குக் கல்யாணம்னு வந்தா? நகை போடணும்னு வற்புறுத்தாத மாப்பிள்ளையாப் பார்த்துக்குவேன்னு பதில் சொன்னா கௌமுதி. இதை 'ஹரிஜன்' பத்திரிகையில தனிக் கட்டுரையாவே எழுதினார் காந்தி.

இந்த விசாரணைதான் எனக்கு முக்கியமாப் படுது. 1901-ல மனைவிகிட்டச் சம்மதத்தைப் பிடுங்கினவர், 1934-ல யாரோ ஒரு பதினாறு வயசுப் பொண்ணுகிட்ட "நிஜமாவே உன் முடிவுதானா?"ன்னு உக்காந்து கேக்குறார். முப்பத்து மூணு வருஷத்துல மனுஷன் ஏதோ கத்துக்கிட்டிருக்கார். அதே சமயம், ஆயிரம் பேர் பார்க்க மேடையில கொடுத்த ஒண்ணைப் பத்திக் கொடுத்த பின்னாடிக் கேட்டா, இல்லைன்னு எந்தப் பொண்ணு சொல்லுவா? அதையும் யோசிக்கணும்.

ஆனா கௌமுதி விஷயத்துல சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவங்க சொன்னபடியே வாழ்ந்துட்டாங்க. மறுபடி பொன்நகை போடலை. இந்தி படிச்சு டீச்சர் ஆனாங்க. வினோபா பாவேயோட பூதான இயக்கத்துல வேலை செஞ்சாங்க. 2020 ஆகஸ்ட்ல, நூறு வயசைத் தாண்டி, கண்ணூர்ப் பக்கம் காலமானாங்க. பதினாறு வயசுல அரை நிமிஷத்துல எடுத்த முடிவை எண்பத்தாறு வருஷம் காப்பாத்தினவங்க.

*

சரி, எட்டு லட்சம் எங்கே போச்சு? கிணறு, பள்ளிக்கூடம், விடுதி, உதவித்தொகை. ஹரிஜன சேவக சங்கம் மூலமா செலவாச்சு. தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைவரா இருந்த மதுரை வைத்தியநாதய்யர்தான் 1939 ஜூலை 8-ல தாழ்த்தப்பட்டவங்களையும் நாடாரையும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனவர். பயன் இல்லைன்னு சொல்லிட முடியாது.

ஆனா அம்பேத்கர் ஒரு கேள்வி கேட்டார். கேட்டவிதமே இன்ஜினியர் மாதிரி, கையில கணக்கை வச்சுக்கிட்டு. 1945-ல வெளிவந்த தன்னோட புத்தகத்துல திலகர் நிதி எங்கெங்கே செலவாச்சுன்னு வரிசையா எடுத்து வச்சு, இதுல தீண்டப்படாதவங்களுக்குன்னு போனது எவ்வளவு சொற்பம்னு காட்டினார். ஹரிஜன சேவக சங்கம் பத்தி அவர் வச்ச குறை இன்னும் அடிப்படையானது. 1932-ல சங்கம் தொடங்கினப்போ அவரும் அதோட மத்தியக் குழுவுல இருந்தார், சீக்கிரமே விலகிட்டார். யாருக்காக இந்தச் சங்கமோ அவங்களுக்கு நிர்வாகத்துல இடம் இல்லை. கேட்டதுக்குக் காந்தி தரப்பு பதில்: இது சாதி இந்துக்கள் செய்யுற பிராயச்சித்தம், கடன்காரன்தான் எப்படி அடைக்கிறதுன்னு பார்த்துக்கணும்.

தர்க்கம் அழகாத்தான் இருக்கு. ஆனா கடன் கொடுத்தவனையும் ஒரு வார்த்தை கேக்கணுமில்லையா? கடன் எவ்வளவு, எதுல அடைக்கணும்னு சொல்ல வேண்டியது அவன்தானே?

இப்போ கௌமுதியையும் அம்பேத்கரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு பக்கம், தன்கிட்ட இருந்த எல்லாத்தையும் சுத்தமான மனசோட கொடுத்த பொண்ணு. இன்னொரு பக்கம், அந்தப் பணம் யாருக்காகவோ அவங்க வாயைத் திறக்க இடமில்லாத ஒரு சங்கம். கொடுத்தவள் மனசு சுத்தமா இருக்கிறதால மட்டும் பணம் போற வழி சரியாயிடாது. வளையல் கேக்குற ஆளுக்கு ரெண்டு கடமை இருக்கு: கொடுக்கிறவ நிஜமாவே விரும்பித்தான் கொடுக்கிறாளான்னு பார்க்கணும். வாங்குறவனுக்கும் அதுல ஒரு குரல் இருக்கான்னு பார்க்கணும். முதலாவதைக் காந்தி மெல்ல மெல்லக் கத்துக்கிட்டார். ரெண்டாவதுல அவர் பிடிவாதமாவே நின்னுட்டார்னுதான் எனக்குத் தோணுது.

*

இன்னொரு காதணிக் கதையும் சொல்லாம முடிக்க முடியாது. 1943, கோலாலம்பூர். சுபாஷ் சந்திர போஸ் பேசுறார். கூட்டத்துல ஜானகி தேவர்னு ஒரு தமிழ்ப் பொண்ணு, வசதியான வீடு, பதினெட்டு வயசு. பேச்சைக் கேட்டதும் காதுல கிடந்ததைக் கழட்டிக் கொடுத்துட்டு வந்துட்டா. வீட்டுல ஒரே ரகளை. அதோட நிக்கலை, ஜான்சி ராணிப் படையில பேர் கொடுத்தா. அதுக்கு அப்பாவோட கையெழுத்து வேணும், போராடி வாங்கினா. பின்னாடி அந்தப் படையோட ரெண்டாவது தளபதி ஆனவங்க அவங்கதான். அந்தப் படையில பெரும்பாலானவங்க மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், இந்தியாவைக் கண்ணால பார்க்காதவங்களும் நிறைய. ஜானகி 2014-ல மலேசியாவுல காலமானாங்க.

காக்கிநாடா, வடகரை, கோலாலம்பூர். மூணுலயும் ஒரே ஒழுங்கு இருக்கு பாருங்க. வளையல் முதல் தவணைதான். துர்காபாய், கௌமுதி, ஜானகி, மூணு பேருக்கும் அடுத்த நாள் செய்ய ஒரு வேலை இருந்துச்சு: மொழிபெயர்க்க, இந்தி சொல்லிக் கொடுக்க, துப்பாக்கி பிடிக்க. பேர் மட்டும் பதிவேட்டுல இருந்து, ஆள் வெளியில நின்ன காக்கிநாடா, பாரிசால் பெண்கள் பேரு நமக்கு ஒண்ணுகூடத் தெரியலை. வித்தியாசம் அங்கேதான். பெண்களையும் இளைஞர்களையும் 'கொடையாளி'யா மட்டும் பார்த்தா வளையல் கிடைக்கும். ஆளாப் பார்த்தா ஆளே கிடைக்கும்.

கடைசியா ஒரு கணக்கு. 1944 பிப்ரவரி 22, கஸ்தூரிபா ஆகாகான் மாளிகைச் சிறையிலயே இறந்துபோனாங்க. அவங்க பேர்ல ஒரு நினைவு நிதி. அந்த அக்டோபர் 2 காந்திக்கு 75 வயசு, அதனால இலக்கு 75 லட்சம் ரூபாய். வந்தது ஒரு கோடிக்கு மேல. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே செலவழிக்கணும்னு காந்தி கண்டிப்பாச் சொல்லிட்டார். மருத்துவம், பிரசவம், படிப்புன்னு அந்த அறக்கட்டளை வேலை செஞ்சுது.

என் அட்டிகை மேல உங்களுக்கு என்ன உரிமைன்னு 1901-ல கேட்ட அம்மாவுக்கு நேரடிப் பதில் எந்தக் காலத்துலயும் கிடைக்கலை. அவங்க கவலைப்பட்டது மருமகள்களுக்காக. 43 வருஷம் கழிச்சு ஊர் பேர் தெரியாத லட்சக்கணக்கான மருமகள்களுக்குன்னு ஒரு கோடி சேர்ந்துச்சு. அதைப் பார்க்க அவங்கதான் இல்லை.